வாயில்லா ஜீவனின் வாய்க்குக் காவல்

 

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், ஒரு மண்டபத்தில் இத்தனை பேரைக் கூட்டிவைத்துப் பேசத் தக்கதா என்று, கேட்ட மாத்திரத்தில் சிலருக்குத் தோன்றக்கூடும். விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும் வீட்டு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, தெருவிலும் மைதானத்திலும் வயல் வரப்பிலும் நாம் உலாவச் செல்கிறோம் அல்லவா? அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வாலை ஆட்டிக்கொண்டு வாசற்படி இறங்கிய நாய், வழியோரத்தில் யாரோ போட்டுவைத்த ஒரு துண்டு இறைச்சியை விழுங்கிவிட்டு, வீடு திரும்பிய சிறிது நேரத்திற்கெல்லாம் நுரை தள்ளி உயிர்விட்டது என்னும் செய்தி நம் நாட்டில் எந்த ஊருக்குப் புதிது? அத்தகைய சாவைத் தடுக்கும் உபாயம் என்ன, தடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்குத் தன் வாயைக் காத்துக்கொள்ளத் தெரியாது. அதற்குக் காவல் நம்முடைய கண். தெருவில் விஷம் விழாமல் பார்த்துக்கொள்வது ஒரு வீட்டுக்காரரால் ஆகிற காரியமன்று. அதற்குக் காவல் ஊர். இவ்விரண்டு காவலும் ஒருங்கே அமைந்தாலன்றி நம் பிராணிகளுக்கு க்ஷேமம் இல்லை.

"நாயின் மோப்பசக்தி அபாரமானதாயிற்றே! விஷத்தை முகர்ந்த உடனே அது விலகிவிடாதா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். திருடனின் சுவடு பற்றி மைல்கணக்கில் ஓடும் மூக்கு, தன் முன்னே கிடக்கும் எமனை அறியாதா? அறியாது என்பதே பிரத்தியட்ச உண்மை. மூக்கு ஒரு பொருளின் வாசனையைச் சொல்லுமே தவிர, அதனால் விளையப்போகும் தீங்கைச் சொல்லாது. பூச்சிமருந்தின் நெடி ஆபத்தின் அறிகுறி என்று யாரும் அதற்குக் கற்பித்ததில்லை. ஆனால் கோழி ஈரலின் வாசனை உணவின் அறிகுறி என்பதை அது பிறந்த நாள் முதல் அறியும். விஷம் வைக்கிறவன் இந்த ரகசியத்தை அறிந்தே ஈரலிலும் கருவாட்டிலும் பிரியாணிச் சோற்றிலும் அதைப் பிசைந்து வைக்கிறான். மனிதக் குடியிருப்பின் ஓரத்தில், எறிந்ததைத் தின்று, பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்துவந்த இனமாதலால், பிறர் பறிக்குமுன் விழுங்கிவிட வேண்டும் என்னும் அவசரம் நாயின் சுபாவத்திலேயே ஊறிக் கிடக்கிறது. வீட்டில் வெள்ளித் தட்டில் பால்சோறு உண்ணும் நாயும் தெருவில் அப்படித்தான் நடக்கும். அதைப் பேராசை என்று வைவதில் பயனில்லை.

இனி விஷங்களைப் பற்றிச் சிறிது விவரமாகப் பார்ப்போம். பெயர்கள் பலவானாலும், நம் தெருக்களில் நாய்களைக் கொல்லும் விஷங்களைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம். இம்மூன்றின் லக்ஷணங்களையும் நாய் வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதல் வகை, பயிருக்கு இடும் குருணை மருந்தும் தெளிக்கும் பூச்சிமருந்தும். கார்போஃபியூரான் போன்ற கார்பமேட்டுகளும், ஆர்கனோபாஸ்பேட் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் இவற்றில் அடங்கும். இவை நரம்புகளின் கட்டுப்பாட்டைக் குலைக்கின்றன. உண்ட சில நிமிஷங்களிலோ, ஓரிரு மணி நேரத்திலோ வாயில் எச்சில் ஆறாக ஒழுகும், கண்ணில் நீர் வடியும், சிறுநீரும் மலமும் தன்னையறியாமல் கழியும், கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கும், உடம்பு நடுங்கி வலிப்புக் காணும், மூச்சுத் திணறும். வேகமாகக் கொல்லும் விஷம் இது. ஆனாலும், வைத்தியர் உரிய காலத்தில் அட்ரோபின் என்னும் மருந்தைச் செலுத்தினால், சாவின் வாசல்வரை சென்ற நாயும் மீண்டு வருவது உண்டு. இங்கே காலமே உயிர்.

இரண்டாம் வகை, கருஞ்சாம்பல் நிறமான ஜிங்க் பாஸ்பைடு என்னும் எலி மருந்து. இது வயிற்றிலுள்ள அமிலத்துடன் கலந்ததும் பாஸ்பின் என்னும் நச்சு வாயுவாக மாறி, நுரையீரலையும் இருதயத்தையும் தாக்குகிறது. பூண்டு நாற்றமோ, அழுகிய மீன் நாற்றமோ வீசும் வாந்தி இதன் அடையாளம். ஐயோ பாவம் என்று இரக்கப்பட்டு நாய்க்குச் சோறு ஊட்டினால் என்னவாகும் தெரியுமா? உணவைக் கண்டதும் வயிற்றில் அமிலம் பெருகும். அமிலம் பெருகப் பெருக வாயுவும் பெருகும். அன்பினால் ஊட்டும் கவளமே அங்கு விஷத்துக்குத் துணைபோகிறது. நாய் எடுக்கும் வாந்தியிலிருந்து எழும் வாயு பக்கத்திலுள்ள மனிதரையும் பாதிக்கும்; ஆகையால் அத்தகைய நாயைக் காரில் கொண்டுபோகும்போது கண்ணாடிகளைத் திறந்தே வைக்க வேண்டும்.

மூன்றாம் வகை, இரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்து. கடைகளில் கேக் என்ற பெயரில், சாயமேற்றிய கட்டிகளாக விற்கிறார்களே, அந்த ப்ரோமடையோலோன் இவ்வகையைச் சேர்ந்தது. இம்மூன்றினுள் மிகவும் வஞ்சகமானது எதுவென்று கேட்டால், இதையே நான் சொல்வேன். உண்ட அன்று நாய் ஓடும், ஆடும், வழக்கம்போல் உண்ணும், மறுநாளும் அப்படியே. மூன்று முதல் ஐந்து நாட்கள் சென்றபின், ஈறு வெளுத்து, இருமி, மூக்கில் இரத்தம் வழிந்து, எழ மாட்டாமல் படுக்கும்போதுதான் வீட்டார் திடுக்கிடுவர். அதற்குள் உடம்பின் உள்ளேயே இரத்தம் கசிந்து தேங்கியிருக்கும். ஆனால் கவனியுங்கள்: இதற்குக் கைகண்ட மாற்று உண்டு. கே1 வைட்டமினை வைத்தியர் சொல்லும் வாரக்கணக்குப்படி இடைவிடாமல் கொடுத்துவந்தால் நாய் பெரும்பாலும் பிழைத்துவிடும். எலி மருந்தைத் தின்றதைக் கண்ணால் கண்டும், "நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை.

இந்த விஷங்கள் நமக்குத் தெரிந்துவிட்டன. இவை நாயின் வாய்க்கு எட்டாமல் செய்வது எப்படி?

முதல் உபாயம் கவனம். இன்று எத்தனை பேர் நாயை உலாவ அழைத்துச் செல்லும்போது நாயைப் பார்க்கிறார்கள்? ஒரு கையில் கயிறு, மறு கையில் கைப்பேசி. கண் முழுவதும் கைப்பேசியில்! நாய் எதை முகர்ந்தது, எதை நக்கியது, எதை விழுங்கியது என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. நாயோடு நடக்கும் அந்த அரை மணி நேரத்துக்குக் கைப்பேசி சட்டைப் பையில் கிடக்கட்டும். கயிறு நான்கைந்து அடிக்கு மேல் நீள வேண்டாம். குப்பைத்தொட்டியின் சுற்றுப்புறம், கல்யாண மண்டபத்தின் பின்புறம், இறைச்சிக் கடையின் ஓரம், கட்டட வேலை நடக்கும் மனை, புதர் மண்டிய காலி நிலம், இவற்றை நெருங்கும்போது கயிற்றை இன்னும் குறுக்கிப் பிடியுங்கள். யாரும் உண்ணாத இடத்தில் உணவுத் துண்டு கிடக்கிறதா? உருண்டை உருண்டையாகப் பிசைந்த ஏதேனும் இடைவெளி விட்டு விட்டுக் கிடக்கிறதா? நிறமேறிய குருணை ஒட்டியிருக்கிறதா? பக்கத்தில் காக்கையோ எலியோ பூனையோ செத்துக் கிடக்கிறதா? இவற்றுள் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த வழியை விட்டு உடனே விலகுங்கள்.

இரண்டாம் உபாயம் பழக்கம். "விடு" என்ற ஒரு சொல்லை நாய்க்குக் கற்பித்துவிடுவது, ஆயுளுக்கும் அதற்கு ஒரு கவசம் பூட்டியதற்குச் சமானம். கற்பிக்கும் முறை எளிது. உள்ளங்கையில் ஒரு பிஸ்கட் துண்டை வைத்து மூடிக்கொண்டு, அந்தக் கையை நாயின் முன் நீட்டுங்கள். அது முகரும், நக்கும், முன்னங்காலால் பிறாண்டும், விரல்களின் இடுக்கில் மூக்கை நுழைத்துப் பார்க்கும். அசையாதிருங்கள், ஒரு வார்த்தையும் பேசாதிருங்கள். சற்று நேரத்தில் அது சலித்து முகத்தை அப்பால் திருப்பும். திருப்பிய அந்தக் கணத்திலேயே "நல்ல பிள்ளை" என்று மெச்சி, மறு கையிலிருந்து அதைவிட ருசியான ஒன்றைக் கொடுங்கள். மூடிய கையிலிருப்பதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். சில நாட்களில், கையை நீட்டியதுமே நாய் விலகி உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அப்போது "விடு" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிஸ்கட்டைத் தரையில் வைத்துக் காலால் மூடுங்கள், பிறகு மூடாமல் வையுங்கள், பிறகு வாசலில், பிறகு தெருவில். இப்படிப் படிப்படியாக ஏறி வந்த நாய், விட்டால் இதைவிட மேலானது கிடைக்கும் என்ற நம்பிக்கையினால் விடும். அடித்துக் கற்பித்த நாயோ, நம் கண் மறைந்ததும் எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாய் ஏற்கெனவே எதையோ வாயில் கவ்விவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூச்சலிட்டுக்கொண்டு பாய்ந்து அதன் தாடையைப் பிளக்கப் போகிறவர்கள், பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தை அதற்கு உண்டாக்கி, அந்தக் கணமே அதை விழுங்கச் செய்துவிடுகிறார்கள். பதறாமல், இனிய குரலில் அழைத்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் தின்பண்டத்தை மூக்கருகே காட்டினால், வாயிலிருப்பதைத் தானே கீழே போடும். இந்த மாற்றிக்கொள்ளும் வித்தையையும் வீட்டில் பொம்மையை வைத்துப் பழக்கிவைக்க வேண்டும்.

மூன்றாம் உபாயம் வாய்ப்பூட்டு. இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது நாயைத் தண்டிப்பதாகுமே என்று நினைக்கக்கூடும். எத்தனை கற்பித்தும் தரையில் கிடப்பதையெல்லாம் அள்ளும் நாய் ஒன்று உண்டு. விஷம் வைக்கிறார்கள் என்று பேச்சு அடிபடும் தெருவும் ஒன்று உண்டு. அந்நாய்க்கும் அத்தெருவுக்கும் வாய்ப்பூட்டு தயையே அன்றித் தண்டனை அன்று. ஆனால் வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையை உலாவும்போது போடவே கூடாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைப்பதனாலேயே அது தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே, வாய் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வடிவான வாய்ப்பூட்டே தக்கது. அதனுள் தின்பண்டம் வைத்து, நாயே விரும்பி மூக்கை நுழைக்கும்படி வீட்டில் பல நாள் பழக்கிய பிறகே தெருவுக்குக் கொண்டுசெல்லுங்கள். கூடையின் கீழ்ப்பக்கம் திறந்திருந்தால் நாக்கை நீட்டி நக்கிவிடும். அதையும் பார்த்து வாங்குங்கள்.

விஷம் ஒன்றுதானா ஆபத்து? வழியெங்கும் காத்திருக்கும் வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

கோடையில் தார்ச்சாலை. கத்திரி வெயில் நாட்களில், செருப்பணிந்த நாம் உணராத கொதிப்பை நாயின் வெறும் பாதம் உணர்கிறது. புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சாலையில் நாயை நடத்தலாகாது. சூரியோதயத்துக்கு முன்னும், தரை குளிர்ந்த பிறகு இரவிலும் செல்லுங்கள். மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களுக்கு வெயில் மிக விரைவில் உயிர்க்கொல்லியாகும்.

மழைக்காலத்தில் மின்கம்பம். கம்பத்தையும் தெருவோர மின்பெட்டியையும் கண்டால் காலைத் தூக்குவது ஆண் நாயின் வழக்கம். மின்சாரம் கசியும் கம்பத்தடியில் தண்ணீர் தேங்கி நின்றால், அந்த வழக்கமே அதற்கு மரணமாகும். கயிறு பிடித்தவருக்கும் ஆபத்து. மழை நாட்களில் கம்பத்தை விட்டு நாலடி தள்ளியே நடத்துங்கள். தேங்கிய மழைநீரைக் குடிக்கவும் விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த அந்நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அதற்குத் தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ?

புதரோரத்தில் பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்குக்கும் எதிராக நம் நாட்டில் மனிதருக்குக் கொடுக்கும் அதே விஷமுறி மருந்தைத்தான் நாய்க்கும் செலுத்துகிறார்கள். அம்மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களுள் முக்கியமானவர்கள், 1978ஆம் ஆண்டில் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் நம் இருளர் மக்களே. மருந்து இருக்கிறது; ஆகவே, கடித்த இடத்தைக் கீறுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், மந்திரிப்பதுமாகக் காலத்தைப் போக்காமல், நாயை நடக்கவிடாது தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுவதே செய்யத் தக்கது.

மலையடிவாரக் கிராமங்களில் அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்கென்று உணவில் பொதிந்து வைக்கும் இந்த நாட்டு வெடி, கடித்த மாத்திரத்தில் வாயைச் சிதைத்துவிடும். யானையும் மாடும் இதற்குப் பலியாகின்றன. வரப்பில் சங்கிலியின்றித் திரியும் கோம்பை நாயும் சிப்பிப்பாறை நாயும் மட்டும் தப்புமா? காட்டோர நிலங்களில் நாயைத் தனியே ஓடவிடுவது தகாது.

இத்தனை ஜாக்கிரதைக்கும் தப்பி, நாய் எதையோ விழுங்கிவிட்டது என்றால் அப்போது செய்ய வேண்டியது என்ன?

முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன். அதனால் இறக்கும் நாய்கள் உண்டு. உப்புக் கரைசலைப் புகட்டாதீர்கள். அது இரத்தத்தில் உப்பை ஏற்றி, விஷம் கொல்லாத நாயையும் கொன்றுவிடக்கூடும். புளித் தண்ணீர், எண்ணெய், பால், முட்டை என்று அவரவர் சொல்வதையெல்லாம் வாயில் ஊற்றாதீர்கள். வலிப்பில் கிடக்கும் நாய்க்கு ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும். வைத்தியர் சொல்லாமல் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அமிலத்தையோ மண்ணெண்ணெயையோ விழுங்கிய நாய், வாந்தியினால் இரண்டாம் முறை வெந்துபோகும்.

இனிச் செய்ய வேண்டியது. வாயில் ஒட்டியிருப்பதைக் கையுறையோ பிளாஸ்டிக் உறையோ அணிந்து துடைத்தெடுங்கள். விழுங்கியதில் மிச்சமிருந்தால் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டியோ உறையோ கிடந்தால் அதையும், வாந்தி எடுத்திருந்தால் அதிலும் சிறிது. விழுங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புறப்படும்போதே வைத்தியருக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் மருந்தை ஆயத்தமாக வைத்திருப்பார். இதற்கெல்லாம் முன்பே, எந்த வைத்தியர் இரவிலும் கதவு திறப்பார் என்பதை விசாரித்து எழுதி வையுங்கள். 1903ஆம் ஆண்டில் தோன்றி இன்று வேப்பேரியில் விளங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போலவே, நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிகளும் அவற்றைச் சார்ந்த மருத்துவமனைகளும் உள்ளன. ஆபத்து வந்தபின் முகவரி தேடுகிறவர், விலைமதிப்பற்ற நிமிஷங்களைத் தெருமுனையில் தொலைக்கிறார்.

அன்பர்களே! இதுவரை சொன்னது வீட்டுக்காரரின் காவல். இனி ஊரின் காவலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெருவில் விஷம் வைக்கிறவன் ஏன் வைக்கிறான்? அவனைக் கொடியவன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், பெரும்பாலான இடங்களில் அந்தக் கொடுமைக்குப் பின்னால் ஒரு மனக்குறை இருக்கிறது. பள்ளிக்குச் சென்ற அவன் குழந்தையை ஒரு நாய் துரத்தியிருக்கலாம், கடித்தும் இருக்கலாம். அவன் வளர்த்த கோழியை ஒரு நாய் பிடித்திருக்கலாம். விடியற்காலையில் கோலம் போட வந்த அவன் தாயார், வாசலில் அயல்வீட்டு நாயின் மலத்தை மிதித்திருக்கலாம். அந்தக் குறைகள் நியாயமானவை. அவற்றுக்கு அவன் தேடிய பரிகாரம்தான் மகா பாதகம். ஏனென்றால், தெருவில் வைத்த விஷம் வைத்தவனின் சொல்லைக் கேட்பதில்லை. கடித்த நாய்க்கென்று வைத்ததைக் கடிக்காத நாய் தின்கிறது, பூனை தின்கிறது, காக்கை கொத்திக்கொண்டுபோய் அடுத்த வீட்டு மாடியில் போடுகிறது, தவழும் குழந்தை எடுத்து வாயில் வைக்கிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில், நீலகிரி மாவட்டத்தில் அவலாஞ்சியருகே, தன் மாட்டை இழந்த ஆத்திரத்தில் ஒருவர் அதன் உடலில் விஷம் கலந்து வைத்ததால் இரண்டு புலிகள் மாண்டதை நாடறியும். அத்தகைய உடலைத் தின்றால், அழிவின் விளிம்பில் நிற்கும் பிணந்தின்னிக் கழுகுகளும் கூட்டமாக மடியும். ஒருவனுடைய கோபம் எத்தனை ஜீவன்களுக்கு யமனாகிறது பாருங்கள்!

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிராணிகளுக்குத் தீங்கு செய்யும் பொருளை வேண்டுமென்றே கொடுப்பதைக் குற்றமாக்கியது; ஆனால் முதல் முறை செய்தவருக்கு அது விதிக்கும் அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் போவதில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டமோ, கொல்லப்பட்ட பிராணியின் விலை பத்து ரூபாயா, ஐம்பது ரூபாயா என்று கணக்குப் பார்த்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலையைக் கேட்பதை விட்டுவிட்டது. எந்தப் பிராணியையும் தீயநோக்குடன் கொன்றாலும், விஷம் வைத்தாலும், முடமாக்கினாலும், ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. 1976ஆம் ஆண்டில் நம் அரசியல் சட்டத்தில் சேர்த்த அடிப்படைக் கடமைகளுள், உயிர்களிடத்தில் கருணை காட்டுவதும் ஒன்று. சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் கதவைத் தட்டுகிறவர் யார்?

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கிற்று என்றும், கன்றை இழந்த பசு அதை அடித்து நியாயம் கேட்டது என்றும் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அம்மன்னனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலையும் வைத்திருக்கிறோம். இன்று விஷமுண்டு மாண்ட நாயின் சார்பில் அந்த மணியை அடிக்க வேண்டியவர்கள் நாமே. நாம் செய்வதென்ன? அழுகிறோம், குழி தோண்டிப் புதைக்கிறோம், மாலை போடுகிறோம், பேசாதிருந்துவிடுகிறோம். புதைத்ததோடு சாட்சியும் புதைந்துபோகிறது. அப்படிச் செய்யாதீர்கள். விஷம் என்று சந்தேகம் தோன்றினால், உடலை அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, அதற்கு ரசீது பெறுங்கள். விஷத்துண்டு கிடந்த இடத்தைப் படம் பிடித்து வையுங்கள். அந்தத் தெருவிலுள்ள மற்ற வீடுகளுக்கும் அன்றைக்கே தெரிவியுங்கள்.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இத்தாலியில், மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் என்னும் விலையுயர்ந்த காளானை மோப்பம் பிடித்துக் கண்டெடுக்க நாய்களைப் பழக்குகிறார்கள். தொழிற்போட்டியின் பொறாமையால் ஒருவருடைய நாய்க்கு மற்றொருவர் காட்டில் விஷம் வைக்கும் இழிசெயல் அங்கே உண்டு. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு ஓர் உத்தரவு பிறப்பித்தது. விஷத்தினால் பிராணி பாதிக்கப்பட்டதாகச் சந்தேகிக்கும் வைத்தியர் அதை நகராட்சித் தலைவருக்கு அறிவித்தே ஆக வேண்டும்; தலைவர் விசாரணைக்கு ஏற்பாடு செய்து, அந்த இடத்தைச் சுத்தம் செய்வித்து, எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். விஷத்துண்டுகளைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழக்கிய நாய்களும் அங்கே பணிபுரிகின்றன. ஸ்பெயின் நாட்டின் ஆந்தலூசியாப் பகுதி இவ்வேலையில் அவர்களுக்கு முன்னோடி. சற்று முன், விஷத்தின் நெடியை ஆபத்தென்று அறியாது நாயின் மூக்கு என்று சொன்னேன். கற்பித்தால் அதே மூக்கு விஷத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வைத்தியர் அறிவிக்க வேண்டும், நகராட்சி சுத்தம் செய்ய வேண்டும், பலகை வைக்க வேண்டும் என்னும் இம்மூன்று விதிகளுக்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை. நம் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் இவற்றை ஏற்றுக்கொள்ளத் தடை என்ன?

கடைசியாக, நாய் வளர்ப்போரிடம் ஒரு விண்ணப்பம். ஊர் நமக்குத் துணைநிற்க வேண்டுமானால், ஊருக்கு நாம் உபத்திரவமாக இருத்தல் கூடாது. உலாவச் செல்லும்போது கையில் ஒரு பை எடுத்துச் சென்று, நம் நாய் கழிப்பதை நாமே அள்ளி வருவோம். கயிறின்றித் தெருவில் விடமாட்டோம். குழந்தையோ முதியவரோ எதிரே வந்தால், நாயை அருகிழுத்து ஒதுங்கி நிற்போம். தடுப்பூசியைத் தவறவிடமாட்டோம். நம் தெருவில் திரியும் நாதியற்ற நாய்களுக்கும் கருத்தடை செய்வித்துத் தடுப்பூசி போடுவிப்பதில், 1959ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் போன்ற தொண்டு நிறுவனங்களோடும் நகராட்சியோடும் கைகோப்போம். தெருநாயின் தொல்லை குறைந்தால் அயலாரின் கோபம் குறையும்; கோபம் குறைந்தால் விஷம் வைக்கும் கை தானே தாழும். நாயைக் காக்கும் வேலிகளில் அயலாரின் நல்லெண்ணத்தை விட உறுதியான வேலி இல்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! இம்மண்டபத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் மூன்று காரியம் செய்வதாக எனக்கு வாக்களியுங்கள். இன்றிரவே, அருகிலுள்ள கால்நடை வைத்தியரின் தொலைபேசி எண்ணை எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். நாளைக் காலையிலேயே, மூடிய கையும் பிஸ்கட் துண்டுமாக அமர்ந்து, "விடு" என்ற சொல்லின் முதல் பாடத்தைத் தொடங்குங்கள். இவ்வாரத்துக்குள், உங்கள் தெருவிலுள்ள பத்து வீட்டாரையாவது சந்தித்து, தெருவில் விஷம் வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும், நாய்த் தொல்லை இருந்தால் முறையிட வேண்டிய இடம் நகராட்சி என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். இம்மூன்றும் செய்ய முடியாதவர் இந்த அவையில் ஒருவரும் இல்லை. செய்யுங்கள் என்று உங்கள் அனைவரையும் கைகூப்பி வேண்டிக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.